பாவு தீரும்வரை ஓர் ஒப்பந்தம்

இருபத்தொன்பது வயதில், தடித்த மீசையோடு, ஆபீஸ் துண்டை முந்தானையாகத் தோளில் போட்டுக்கொண்டு, இல்லாத ஒரு கணவனை நினைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதிருக்கிறேன். பட்டப்பகலில். காஞ்சிபுரத்தில். சம்பளத்துக்கு.

நாடகக் கம்பெனியில் செய்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். நான் செய்தது ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் பின்னால், ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் அந்த மையம் நடந்தது. சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் வாங்கிக்கொண்டு, தோள்பை நிறையப் புத்தகங்களோடு சென்னையிலிருந்து வந்து, செவிலிமேட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஆலோசகர்களாகப் போகிற பெண்களுக்குப் பயிற்சி தருவது என் வேலை. புருஷன் பெண்டாட்டி சண்டையை எப்படிக் கேட்பது, எந்த வகையில் சேர்ப்பது, எந்த முறையில் தீர்ப்பது என்று கரும்பலகையில் வட்டங்களும் அம்புகளும் போட்டு விளக்குவேன். பயிற்சிக்கு வந்த எல்லோருக்கும் கல்யாணமாகியிருந்தது. சிலருடைய பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் படித்தார்கள். எனக்கோ வீட்டில் பெண் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை. இந்த ஏற்பாட்டில் விசித்திரமாக ஏதாவது இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. நீச்சலைப் பற்றிய நூல்களை எல்லாம் கரைத்துக் குடித்திருந்தேன். பாலாற்றில் வேறு தண்ணீர் கிடையாது. யார் என்னைச் சோதித்துவிட முடியும்?

புத்தகங்களில் எனக்கு மிகவும் பிடித்த முறை, பாத்திர மாற்று. கணவன் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்து மனைவியாகப் பேச வேண்டும். மனைவி கணவனாகப் பேச வேண்டும். அடுத்தவர் தலைக்குள் புகுந்து பார்த்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே செத்துவிடும் என்பது கொள்கை. இதை வகுப்பில் செய்து பார்க்கலாம் என்றேன். மனைவியாக நடிக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

“தினத்துக்கும் வூட்ல அதத்தான சார் பண்ணிக்கினு இருக்கோம். இங்க வந்தும் அதேவா? நீங்க பண்ணுங்க, நாங்க பாக்கறோம்” என்றார் மாகறலிலிருந்து பஸ்ஸில் வரும் ஆலோசகர்.

இந்த மாகறல்காரர் என் வகுப்பிலேயே வாய் நீளமானவர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து இவரை பி.ஏ. வரை படிக்க வைத்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் இருக்கிறது, அன்றைக்கு மட்டும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்பது சேரும்போது அவர் போட்ட ஒரே நிபந்தனை. மற்ற ஆறு நாளும் அவர் என்னைக் கேலி செய்யத் தவறியதில்லை.

சரி என்று நானே துண்டைப் போட்டுக்கொண்டேன். குடிகாரக் கணவன், கைக்குழந்தை, அடுப்பில் உலை என்று ஆரம்பித்தேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பயிற்சியின் உச்சத்தைத் தொட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வாசலில் ஒரு பெண் ஒயர் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

“யாரு சார் தவறிட்டாங்க?” என்றார்.

எங்கள் மையத்தின் வரலாற்றில் இடம்பிடித்த தம்பதியின் பாதியை நான் சந்தித்தது இப்படித்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். மாகறல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

வந்தவர் பிள்ளையார்பாளையத்துக்காரர். கணவர் பட்டு நெசவாளி, வீட்டிலேயே தறி. கரையையும் உடலையும் தனித்தனியாக நெய்து இணைக்கிற கோர்வைப் புடவைக்கு ஒருவர் போதாது. குழியில் கால் வைத்து மிதியை மிதித்து, தறியில் ஏற்றிய நீள இழைகளான பாவில் உடலை நெய்பவர் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு வேண்டிய ஊடிழை சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுப்பவர் இன்னொருவர். அந்தப் பக்கத்து இடத்தில் பல வீடுகளில் பிள்ளைகளை உட்கார வைத்துவிடுவார்கள். இவர்கள் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் மனைவியே உட்கார்ந்திருந்தார்.

“எங்கிட்ட பேசறதில்ல சார் அவரு” என்றார்.

“எவ்வளவு நாளாக?”

“ஆடியிலேர்ந்து.”

அப்போது ஐப்பசி நடந்துகொண்டிருந்தது. விஷயம் இதுதான். ஆடியில் முடித்துக் கொண்டுபோன புடவையில், கரையும் உடலும் சேருகிற இடத்தில் ஒரு கோணல். முதலாளி கடையில் புடவையைப் பிரித்துக் காட்டி, இது எப்படி ஆச்சு என்று கேட்டிருக்கிறார். கணவர் சற்றும் யோசிக்காமல், பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டி, இவள் கைத்தப்பு என்று சொல்லிவிட்டார். உண்மையில் அவருடைய மிதி தப்பியதால் வந்த கோணல் அது.

“அவரு மிதி மாத்தி மிதிச்சது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அத்தினி பேரு நின்னுக்கினு இருந்த எடத்துல எம்மேல சொல்லிட்டாரு. வூட்டுக்கு வந்து கேட்டேன். அதுலேர்ந்து வாயத் தொறக்கறதில்ல.”

“தறியில் ரெண்டு பேரும் சேர்ந்துதானே உட்கார வேண்டும்?”

“உக்காருவோம். நாடாவுக்கு இன்னா பேச்சு வேண்டிக்கெடக்குது? அவரு மிதிப்பாரு, நான் தள்ளுவேன்.”

காலை முதல் மாலை வரை ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படுகிற தூரத்தில் உட்கார்ந்து, ஒரு சொல் பேசாமல், ஒரே புடவையை இரண்டு பேர் நெய்துகொண்டிருந்தார்கள். என் புத்தகங்களில் ‘தம்பதியரிடையே தொடர்பு’ என்ற அத்தியாயத்தில் இதற்கு இடமே இல்லை.

“இப்ப ஏத்தியிருக்கற பாவுல மூணு பொடவ. ரெண்டு முடிஞ்சிடுச்சு. மூணாவது முடிஞ்சு பாவு தீந்ததும் நான் ஐயம்பேட்டைக்கு, எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன். பாதிப் பாவுல எழுந்து போனா தறிக்கு ஆவாது, அதான் உக்காந்துக்கினு இருக்கேன். ஆனா அது முடிய மாட்டேங்குது சார். முன்னயெல்லாம் எவ்ளோ வேகமா நெய்வாரு தெரியுமா? இப்ப ஆமை கணக்கா இழுத்துக்கினு இருக்காரு. டீக்குப் போறேன்னு போனா பேப்பர் பூரா படிச்சிட்டுத்தான் வராரு. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. காரணம் ரொம்ப எளிது: நான் படித்தவன். வேலையில் மந்தம், பேச்சின்மை, நாளிதழில் அளவுக்கு மீறிய ஈடுபாடு என்று மூன்று அறிகுறிகளை எழுதி, கீழே ‘மனச்சோர்வு’ என்று கோடு போட்டேன். இதற்கு ஒரு முறை இருந்தது. நடத்தை ஒப்பந்தம். மனச்சோர்வு உள்ளவரைச் சின்னச் சின்ன இலக்குகளோடு வேலையில் ஈடுபடுத்தினால் உற்சாகம் தானே திரும்பும். உற்சாகம் திரும்பினால் பேச்சு திரும்பும். பேச்சு திரும்பினால் குடும்பம் பிழைக்கும். மூன்று அம்புகள் போட்டு மாகறல்காரருக்கு விளக்கினேன். அவரும் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. அம்புகள் அவ்வளவு நேராக இருந்தன.

கணவருக்குக் கடிதம் அனுப்பினோம். முத்திரை குத்திய கடிதம் என்றால் போலீஸ் சமாச்சாரம் என்று அந்தத் தெருவில் ஒரு நம்பிக்கை; அதனால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். நெற்றியில் விபூதி, குனிந்த தலை. நான் கேட்டதற்கெல்லாம் பிடரியைச் சொறிந்தார். காலையில் நேரத்தோடு தறியில் உட்காருவது, டீக்கடைக்குப் போனால் டீயை மட்டும் குடித்துவிட்டு வருவது, ஒரு நாளைக்கு இத்தனை முழம் நெய்வது என்று ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினேன். ஒரு தடவை என்னை ஏறிட்டுப் பார்த்தார். உன்னை நான் என்னடா செய்தேன் என்பது போல ஒரு பார்வை. அதை ‘எதிர்ப்பு மனநிலை’ என்று குறித்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மாகறல்காரர் தினமும் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேராக அந்த வீட்டுக்குப் போய், நெய்த அளவைப் பார்த்துவிட்டுத்தான் மையத்துக்கு வருவார். வாசலில் அவர் தலை தெரிந்தாலே தறிச்சத்தம் வேகமெடுக்கும் என்று பெருமையாகச் சொன்னார். நான் ஒரு சார்ட் பேப்பர் வாங்கி, பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கோடு வரைந்தேன். கோடு ஏறியது. அழகான ஏற்றம். நிதி கொடுப்பவர்கள் சார்பில் சென்னையிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வரவிருந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் அதை மாட்டினேன்.

கோடு உச்சியை நெருங்கிய ஒரு காலையில் மாகறல்காரர் வந்து பையை மேசைமேல் வைத்தார்.

“அண்டா போயிடுச்சு சார்.”

“எந்த அண்டா?”

“அந்தம்மா கல்யாணச் சீர்ல கொண்டாந்த அண்டா. ஷேர் ஆட்டோல ஏத்தி ஐயம்பேட்டைக்கு அனுப்பிட்டாங்க. டிரங்குப் பொட்டியும் கட்டி ரெடியா இருக்குது. இன்னும் ரெண்டு முழமோ மூணு முழமோதான் பாக்கி. சாரால சீக்கிரமா முடிஞ்சிடுச்சு, சார்கிட்ட நன்றி சொல்லுங்கன்னாங்க.”

சுவரைப் பார்த்தேன். பச்சைக் கோடு ஐயம்பேட்டையை நோக்கிக் கம்பீரமாக ஏறிக்கொண்டிருந்தது.

“நம்ம எங்கயோ தப்பு பண்றோம்னு தோணுது சார்.”

“தப்பு என்று சொல்ல முடியாது. கோடு சரியாகத்தான் இருக்கிறது.”

“கோடு சரிதான் சார். குடும்பந்தான் போய்க்கினு இருக்குது.”

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மகள் எட்டாம் வகுப்பு. அம்மா ஐயம்பேட்டையில், அப்பா பிள்ளையார்பாளையத்தில். தறியில் பக்கத்து இடம் காலி. அந்த இடத்துக்கு ஆள் வேண்டுமென்றால் யாரைப் பள்ளியிலிருந்து நிறுத்துவார்கள் என்று சொல்ல சமூகப்பணிப் பட்டம் தேவையில்லை. இருந்தும் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. அது என் பிறவிக் குணம். ஒரு முறை கைவிட்டால் அடுத்த முறை. கடைசியாக ஒரு தடவை இரண்டு பேரையும் அழைத்து வரச் சொன்னேன். பாத்திர மாற்று.

வந்தார்கள். நாற்காலிகளை மாற்றி உட்கார வைத்தேன். ஒயர் கூடை மனைவியின் நாற்காலியிலேயே இருந்தது. கணவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கூடையின் காதைப் பிடித்துக்கொண்டார். அந்தம்மா எப்போதும் பிடிப்பது போலவே. மனைவியாகப் பேசுங்கள் என்றேன். கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்கோ எந்தச் சிரமமும் இல்லை. கால்களை அகட்டி உட்கார்ந்தார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பிடரியைச் சொறிந்தார். மாகறல்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இன்னா சார் கேக்கணும்? கேளு” என்றார் தடித்த குரலில்.

“ஏங்க, முன்னே வேகமாக நெய்தவர். இப்போது ஏன் இவ்வளவு மெதுவாக?”

“மெதுவா நெய்ஞ்சா இன்னா இப்ப?”

“பாவு தீர வேண்டாமா?”

“பாவு தீந்துட்டா இவ போய்டுவா இல்ல” என்றார்.

சொல்லிவிட்டு, பிடரிக்குப் போன கை அங்கேயே நின்றது. தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவரே கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. அகட்டியிருந்த கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

“அதுக்குத்தான் இழுத்துக்கினு இருந்தியா?”

இது அவருடைய சொந்தக் குரல். கணவர் தலை நிமிரவில்லை. கூடையின் காதில் பிரிந்திருந்த ஒரு ஒயரை எடுத்து, உள்ளே சொருகிக்கொண்டிருந்தார். அது நிற்கவில்லை; மறுபடி சொருகினார்.

“வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?” என்றார் மனைவி. கோபமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் வேறு எங்கோ போய்விட்டது.

ஒரு நல்ல சமூகப்பணியாளன் இந்த இடத்தில் எழுந்து வெளியே போயிருப்பான். குறைந்தபட்சம் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருப்பான். ஆனால் என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் முறை ஒன்று வேலை செய்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எழுந்தேன். சாக்பீஸை எடுத்தேன். இப்போது உங்கள் இருவருக்குள்ளும் நடந்தது என்ன தெரியுமா என்று ஆரம்பித்து, ஒரு வட்டம் போட்டேன். பக்கத்தில் இன்னொரு வட்டம். சொல்லப்படும் செய்தி, சொல்லப்படாத செய்தி, உடல்மொழி, மௌனத்தின் வகைகள். ‘மௌனத்தின் வகைகள்’ மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது என்று நினைக்கிறேன். கோயிலில் உச்சிக்கால மணி அடித்து ஓய்ந்தது. மாகறல்காரர் இரண்டு தடவை இருமினார். அவருக்குச் சளி என்று நினைத்தேன்.

கடைசி அம்பைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது கணவர் எழுந்து நின்றிருந்தார். கையில் ஒயர் கூடை. யாரையும் பார்க்காமல் வாசல்வரை போய், அங்கே நின்றார். மனைவி எழுந்து, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவர் பின்னால் போனார். நானும் மாகறல்காரரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். தெருக்கோடி வரை கூடையை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். வழக்கமாக நாலடி முன்னால் நடக்கிற மனிதர் அன்றைக்கு அவ்வளவு வேகமாக நடக்கவில்லை.

“பேசிக்கறாங்களா தெரியலயே” என்றேன்.

“உங்க கிளாஸ கேட்டுட்டுப் போறாங்க இல்ல சார். இன்னும் கொஞ்ச நேரத்துக்குப் பேச்சே வேணாம்னு இருக்கும்.”

அதற்குப் பிறகு சில நாட்கள் எதுவும் தெரியவில்லை. ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டதால் மாகறல்காரரும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பாவு எந்த அளவில் இருக்கிறது என்று தெரியாமல் எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பிறகு ஒரு காலை அவர் படியேறும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

“பாவு தீந்துடுச்சு சார்.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

“புதுப் பாவு வந்திருக்குது. இப்ப பாத்துட்டுத்தான் வரேன், தெருவுல நீட்டிக்கினு இருக்காங்க. அந்தம்மா ஒரு முனையப் புடிச்சிக்கினு நிக்குது.”

“கணவர்?”

“அவரு அந்த முனையில. நடுவுல முழுத் தெருவும் இருக்குது, இப்பவும் பேசலதான். ஆனா மூணாவது பொடவய எடுத்துக்கினு கடைக்குப் போனப்ப, முதலாளிகிட்ட அவரே சொன்னாராம், ஆடியில வந்த கோணல் என் மிதித் தப்புன்னு. யாருமே கேக்கலயாம் சார், தானா சொன்னாராம். அந்தம்மா அத எங்கிட்ட நாலு வாட்டி சொல்லிடுச்சு.”

“அண்டா?”

“அது ஐயம்பேட்டையிலதான் இருக்குது. எங்கம்மா பொங்கலுக்கு நெல்லு அவிக்க வெச்சிருக்கட்டும், மெதுவா வாங்கிக்கறேன்னாங்க.”

அன்றைக்கு நான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். உட்கார்ந்து, ‘நெசவுக் குடும்பங்களில் பாத்திர மாற்று: ஒரு முன்மாதிரி’ என்று தலைப்புப் போட்டு ஒரு கட்டுரையும் எழுதினேன். என் அபிப்பிராயத்தில் இன்றைக்கும் அது மோசமான கட்டுரை இல்லை. அந்த முறையில் எனக்குள்ள நம்பிக்கையும் குறையவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது வேலை செய்கிறது. நான் அதற்கு இன்றியமையாதவன் என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு.

மதிப்பீட்டாளர் தை மாதத்தில் வந்தார். மொடமொடப்பான கைத்தறிப் புடவை, மூக்கு நுனியில் கண்ணாடி, நிதானமான அம்மாள். சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். அது மேலே ஏறி, பாத்திர மாற்றுக்குப் பிறகு, புதுப் பாவில் மாகறல்காரர் மறுபடி பார்த்து வந்த அளவுகளில் சட்டென்று கீழே விழுந்திருந்தது.

“இது என்ன, உங்கள் தலையீட்டுக்குப் பிறகு உற்பத்தி படுத்துவிட்டதே?” என்று கேட்டார்.

“அதுதான் வெற்றி” என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பயனாளிகளையே நேரில் கேட்டுவிடலாம் என்றார். அதற்கென்ன என்று பிள்ளையார்பாளையத்துக்கு அழைத்துப் போனேன். என் கட்டுரையின் பிரதி ஒன்றும் கையில் இருந்தது.

தறி ஓடிக்கொண்டிருந்தது. மிதியும் நாடாவும் மாறி மாறி, அவசரமில்லாத சத்தம். எங்களைப் பார்த்ததும் மனைவி எழுந்து பாய் போட்டார். கணவர் குழியில் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். மதிப்பீட்டாளர் பேனாவைத் திறந்தார்.

“உங்களுக்குப் பல முறைகளில் ஆலோசனை கொடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தம், பாத்திர மாற்று, அப்புறம் தொடர்பு பற்றிய விளக்கம். நீங்கள் சேர்ந்து வாழ்வதற்கு இதில் எது உதவியது?”

மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். “சார் ரொம்ப நல்லவருமா. முத நாளே பாத்தேன், எங்களுக்காக அழுதுக்கினு இருந்தாரு” என்றார். மதிப்பீட்டாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். வாசலில் நின்ற மாகறல்காரர் தெருவை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

“நீங்கள் சொல்லுங்கள்” என்று மதிப்பீட்டாளர் கணவரிடம் கேட்டார்.

அவர் பிடரியைச் சொறிந்தார். நெய்த துணியை விரலால் ஒரு தடவை நீவிவிட்டார். என் முன்னால் அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. அதனால் நானும் கட்டுரையை மடித்து வைத்துவிட்டுக் காது கொடுத்தேன்.

“அன்னிக்கு சார் பேசிக்கினே இருந்தாரும்மா,” என்றார். “எங்க ரெண்டு பேருக்கும் எப்படா வூட்டுக்குப் போவோம்னு ஆயிடுச்சு.”